ஆரஞ்சு மிதவை - கடலில் ஒரு கயிற்றின் கதை

நடுக்கடலில் ஒரு மனிதத் தலை எவ்வளவு பெரிதாகத் தெரியும்? ஒரு தேங்காய் அளவுதான்! அலை ஒரு மீட்டர் எழும்பினால் அந்தத் தேங்காயும் பாதி நேரம் மறைந்துவிடும். சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும் படகுக்காரருக்கு அப்படி ஒருவர் தண்ணீரில் இருப்பதே தெரியாமல் போகலாம்.

இந்த ஒரு பிரச்சினைக்காகத்தான் ஸ்கூபா டைவிங் செய்பவர்கள் சுருட்டி வைத்த மிதவைக் குழாய் ஒன்றைக் கையோடு எடுத்துப் போகிறார்கள். காற்றை நிரப்பினால் நீண்டு எழுந்து, கடல் மட்டத்தில் ஒரு ஆரஞ்சுத் தூண் போல நிற்கும். கடைகளில் 1 மீட்டரிலும் கிடைக்கிறது, 1.8 மீட்டரிலும் கிடைக்கிறது. எதை வாங்குவது? இந்த மிதவை ஏன் பிறந்தது என்று தெரிந்தால் பதில் சுலபம்.

கயிறு இருந்த காலம்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் உடனே இழுத்து மேலேற்ற வேண்டும். கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும், ஏனென்றால் தன் சகோதரியின் தாலி அவர் கையில் இருக்கிறது என்று நம் பக்கம் சொல்வதுண்டு.

ஜப்பானில் 'அமா' என்று அழைக்கப்படும் பெண்கள் காற்றுக் குழாய் எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கி முக்குளித்தார்கள். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் ஒரு மரத்தொட்டி மிதக்கும். பிடித்த சிப்பிகளைப் போட அதுதான் கூடை, களைத்தால் பற்றிக்கொள்ள அதுதான் துணை, அவர் எங்கே இருக்கிறார் என்பதற்கும் அதுதான் அடையாளம். இன்றைய மிதவையின் பாட்டி என்று அந்தத் தொட்டியைச் சொல்லலாம்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அகஸ்டஸ் சீபே செப்புத் தலைக்கவசத்துடன் கூடிய முக்குளிப்பு உடையைச் செய்தார். 1782இல் போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' போர்க்கப்பலின் சிதைவுகளில் 1839 முதல் அந்த உடையுடன் வேலை நடந்தது. அவர்களுக்கும் மேலிருந்து காற்றுக் குழாயும் கயிறும் போயின. ஆக, கருவி மாறினாலும் கடலுக்குள் இருப்பவரை மேலே ஒருவர் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கயிறு அறுந்தது

1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் சேர்ந்து 'அக்வாலங்' கருவியை உருவாக்கினார்கள். முதுகில் சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர், அவ்வளவுதான். மனிதன் மீனைப் போல நினைத்த திசையில் நீந்தினான். பெரிய விடுதலை!

ஆனால் விடுதலைக்கும் ஒரு விலை உண்டு. கயிறு போனதும் மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரின் இருப்பிடம் தெரியாமல் போயிற்று. மிச்சம் இருந்தது காற்றுக் குமிழிகள் மட்டும். அமைதியான நீரில் அவற்றைப் பார்க்கலாம், அலையடிக்கும் கடலில் யாரால் பார்க்க முடியும்?

1950களில் அமெரிக்காவில் சிவப்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை போட்ட கொடி வந்தது. 'கீழே ஆள் இருக்கிறார், விலகிப் போ' என்று மற்ற படகுகளை எச்சரிப்பது அதன் வேலை. ஆனால் நீரோட்டம் ஒருவரை இழுத்துக்கொண்டு போனால் நங்கூரமிட்ட படகின் கொடி கூடவே போகாது. அதனால் ஒரு மிதவையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே நீந்தும் வழக்கமும் வந்தது. மூழ்கிய கப்பல்களுக்குள் அந்தக் கயிறு சிக்கிக்கொண்டது. கடைசியில், மிதவையைச் சுருட்டி வைத்திருந்து, மேலேறும் நேரத்தில் ஆழத்திலேயே காற்று நிரப்பி அனுப்பும் முறை பரவியது. முக்குளித்தவர் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் கொடுக்கும்போதே, படகுக்காரர் மிதவையைப் பார்த்து அருகில் வந்துவிடலாம்.

அறுந்துபோன கயிறு வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது!

அளவுக் கணக்கு

12 செ.மீ. விட்டமும் 1.2 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் சுமார் 13.5 லிட்டர் காற்று பிடிக்கும். கடலில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். 18 செ.மீ. விட்டமும் 1.8 மீட்டர் நீளமும் என்றால் கிட்டத்தட்ட 46 லிட்டர். அதாவது நிரம்பினால் 46 கிலோ இழுவிசை. ரீல் சிக்கிக்கொண்டால் மிதவை ஆளையே மேலே இழுத்துப் போய்விடும். வேகமாக மேலேறினால் நுரையீரல் கிழியலாம், மூட்டுகளிலும் நரம்புகளிலும் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகலாம்.

நல்ல வேளையாக, கீழே முழுவதும் நிரப்பத் தேவையில்லை. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. அங்கே மூன்றில் ஒரு பங்கு நிரப்பினாலே, மேலே போகப் போக விரிந்து முழுக் குழாயாகிவிடும். சிறிய குழாய்க்கு 4.5 லிட்டர், வாயால் ஓரிரு முறை ஊதினால் போதும். பெரியதற்கு 15 லிட்டருக்கு மேல். பாதி நிரம்பிய பெரிய குழாய் நிற்காமல் தண்ணீரில் படுத்துவிடும். படுத்த 1.8 மீட்டரை விட நிற்கும் 1.2 மீட்டர் மேல்!

ஆகவே படகு பக்கத்திலேயே நிற்கும் அமைதியான விரிகுடாவில், புதிதாகக் கற்பவருக்குச் சிறியது நல்லது. திறந்த கடல், நீரோட்டம், தூரத்தில் படகு என்றால் நீளமானது தேவை, பழகிய கையும் தேவை. நின்றாலும் குழாயின் அடிப்பகுதி தண்ணீருக்குள்தான் இருக்கும் என்பதால் 1 மீட்டர் குழாயில் வெளியே தெரிவது இன்னும் குறைவு. விட்டத்தை அதிகம் கூட்டாமல் நீளத்தைக் கூட்டினால் இழுவிசை அதிகம் ஏறாமல் உயரம் கிடைக்கும்.

பார்க்கும் கண்

2008 ஜூனில் இந்தோனேசியாவின் கொமோடோ பகுதியில் ஐந்து பேரை நீரோட்டம் படகிலிருந்து பிரித்துக்கொண்டு போனது. பல மணி நேரம் மிதந்து ரிஞ்சா தீவில் கரையேறினார்கள். அங்கே கொமோடோ பல்லிகளைக் கல்லால் விரட்டிச் சமாளித்து, இரண்டு நாள் கழித்து மீட்கப்பட்டார்கள்.

1998 ஜனவரி 25இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் ஓர் அமெரிக்கத் தம்பதி முக்குளிக்க இறங்கினார்கள். படகு அவர்களை விட்டுவிட்டுக் கரை திரும்பியது. அவர்கள் காணாமல் போனதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. உதவி கேட்டு எழுதிய பலகை ஒன்று சில மாதங்கள் கழித்துக் கிடைத்தது. பிறகு குவீன்ஸ்லாந்தில் தலை எண்ணும் விதிகள் கடுமையாக்கப்பட்டன.

அங்கே எத்தனை மீட்டர் மிதவை எழுந்திருந்தாலும் பார்ப்பதற்குப் படகே இல்லை. மிதவையின் அளவைத் தேர்ந்தெடுப்பது கீழே இருப்பவரின் வேலை. எண்ணிப் பார்த்து, காத்திருந்து, தேடுவது மேலே இருப்பவரின் வேலை. இரண்டில் ஒன்று தவறினாலும் கயிறு அறுந்ததுதான்.

கடலில் இறங்குபவர் மிதவையை வாங்கும் முன் படகில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடலாம்: "நீங்க எவ்வளவு தூரத்துல நிப்பீங்கண்ணே?" அந்தப் பதிலில்தான் மிதவையின் அளவு இருக்கிறது. அந்தக் காலத்தில் மச்சானைத் தேடிப் பிடித்தார்களே, அதன் காரணமும் அதில் இருக்கிறது.