உப்பளக் கரையும் சாராய எல்லையும்

உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் கடற்கரையில் சாராயக் கடத்தலின் வரலாற்றை உப்பின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது. ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்தில் உப்பையும் ஆப்காரியையும், அதாவது கள், சாராயம் போன்றவற்றின் மீதான தீர்வையையும், ஒரே துறையே கண்காணித்து வந்தது. ஆப்காரிச் சட்டம் 1886-இலும் உப்புச் சட்டம் 1889-இலும் வந்தன. உரிமமின்றி உப்பு வாரியவரையும் உரிமமின்றிச் சாராயம் வடித்தவரையும் அத்துறையின் காவலர்களே தேடிப் பிடித்தனர்.

மரக்காணத்துக்குத் தெற்கே, சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், பிரெஞ்சுப் புதுச்சேரி இருந்தது. 1815, 1818 ஆண்டுகளின் உடன்படிக்கைகளால், ஆண்டுக்கு 4,000 வராகன் ஈடாகப் பெற்றுக்கொண்டு, பிரெஞ்சு ஆட்சி தன் பகுதிகளில் உப்பு விளைவிப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டது. வரியில்லா உப்பு எல்லை தாண்டி வந்து தன் ஏகபோகத்தைக் கெடுக்கும் என்பதே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அச்சம். ஓர் எல்லைக்கோட்டின் இருபுறமும் விலை வேறுபட்டால் பண்டம் மலிவான பக்கத்திலிருந்து நகரும் என்பதை அரசு அன்றே அறிந்திருந்தது.

1930-இல் வேதாரண்யத்தில் உப்புச் சட்டத்தை மீறிச் சிறை சென்ற இராஜாஜியே, மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். ஆப்காரி வருவாயின் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்குக்குள் வந்தது. ஆனால் புதுச்சேரி 1954 நவம்பர் வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது; இந்தியாவுடன் இணைந்த பின்னும் அங்குச் சாராயக்கடைகள் நீடித்தன. அப்பகுதியின் எல்லையோ தொடர்ச்சியான கோடன்று. கடற்கரைச் சாலையில் வடக்கே செல்பவர் கோட்டக்குப்பத்தில் தமிழகத்துக்குள் நுழைந்து, காலாப்பட்டில் மீண்டும் புதுச்சேரியைக் கண்டு, கனகசெட்டிக்குளத்தைத் தாண்டி மறுபடியும் தமிழகத்தை அடைகிறார். இத்தகைய எல்லையை ஒரு சோதனைச் சாவடியால் அடைத்துவிட முடியாது.

உள்ளூரில் காய்ச்சியது வேறு வகை. வெல்லத்தையும் வெள்வேலம்பட்டையையும் நீரில் ஊறவைத்து நொதிக்கவிட்டால் கிடைக்கும் கலவைக்கு ஊறல் என்று பெயர். அதைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து இறக்குவதே பட்டைச் சாராயம். அது லாரி டியூப்களில் அடைக்கப்பட்டு ஊர் ஊராகச் சென்றது. மதுவிலக்கு நீங்கினாலும் கடத்தல் நீங்கிவிடாது என்பதற்கு அமெரிக்கா ஓர் எடுத்துக்காட்டு. ராபர்ட் மிட்சம் நடித்து 1958-இல் வெளிவந்த 'தண்டர் ரோடு' என்னும் அமெரிக்கப் படம், தீர்வை கட்டாத சாராயத்தை இரவில் காரில் கடத்துவோரைத் துணிச்சல்காரர்களாகக் காட்டுகிறது. அந்நாட்டில் மதுவிலக்கு 1933-இலேயே நீங்கிவிட்ட போதிலும் தீர்வை இருந்தவரை கடத்தலும் இருந்தது. தமிழகத்தில் 1971-இல் மதுக்கடைகள் திறக்கப்பட்டு, 1974-இல் மூடப்பட்டு, 1981-இல் மீண்டும் திறக்கப்பட்டன; 1987-இல் சாராயமும் கள்ளும் மட்டும் விலக்கப்பட்டன. 1983-இல் தொடங்கப்பட்ட அரசு மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் 2003-இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. பாட்டில் மது வாங்க வசதியில்லாத கூலித் தொழிலாளிக்கு, மலிவான சட்டப்பூர்வச் சரக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அந்த இடைவெளியில்தான் மெத்தனால் நுழைந்தது. பெயிண்ட், பிளாஸ்டிக் போன்ற தொழில்களில் பயன்படும் இந்த ஆல்கஹால் தோற்றத்திலும் மணத்திலும் குடிக்கும் சாராயத்தை ஒத்தது. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழித்து, சிறிதளவிலேயே உயிரைப் பறிப்பது. காய்ச்சுவதற்கு விறகும் ஊறலும் நாட்களும் தேவை. மெத்தனாலுக்கோ தண்ணீர் கலந்தால் போதும். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் ஊரிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மாண்டவர் 60-க்கும் மேல். அதே ஆண்டு திருத்தப்பட்ட மதுவிலக்குச் சட்டம், உயிரிழப்பை விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது.

தண்டனை விற்பவரைச் சென்றடைவதற்குள் நஞ்சு குடிப்பவரை அடைந்துவிடுகிறது. மெத்தனால் குப்பத்தில் விளைவதில்லை, ஆலைகளிலிருந்து வருகிறது; எனவே ஆலை வாயிலை விட்டு வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் அரசு அங்கேயே கணக்குக் கேட்க வேண்டும்.