வீட்டுக்கு வந்த மாத்திரை

காசநோய்க்கு அரசு இலவசமாகத் தரும் மாத்திரை ஒன்றுக்குள் நான்கு மருந்துகள் இருக்கின்றன: ஐசோனியாசிட் 75 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பூட்டால் 275. எடை பார்த்து அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஐம்பது கிலோ இருப்பவருக்கு நாளைக்கு நான்கு மாத்திரை. விழுங்கிய சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முன்கூட்டிச் சொல்லிவைக்காவிட்டால் ரத்தம் என்று பயந்து பலர் நிறுத்திவிடுவார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்குப் போகிற ஒருவர் இந்த அட்டையை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு இருந்தபடியே குணமாகலாம். எழுபது வருடங்களுக்கு முன் இப்படிச் சொல்லியிருந்தால் டாக்டர்களே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அன்று காசநோய் என்றால் சானடோரியம்தான். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கியதன் பெயரை ஒரு ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. ஆனால் படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம். 1952இல் ஐசோனியாசிட் வந்ததும் கேள்வி மாறியது: மாத்திரை இருந்தால் படுக்கை எதற்கு?

அந்தக் கேள்விக்குச் சென்னையில்தான் விடை கிடைத்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து ஓர் ஆய்வு மையம் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959இல் முடிவு வெளியானது. அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டு ஏழைகள் உலகத்துக்குச் செய்துகொடுத்த இந்த உதவியை நம் பள்ளிப் புத்தகங்கள் உரக்கச் சொல்ல வேண்டும்.

மாத்திரை வீட்டுக்கு வந்தது. ஆனால் ஒழுங்காக விழுங்கப்பட்டதா? ஆய்வு மைய ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். விட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. உடம்பு கொஞ்சம் தேறியதும் மருந்து மறப்பது மனித இயல்பு. அதனால் வாரம் இரண்டு முறை மட்டும், ஊழியரின் கண்முன் மருந்து தரும் முறையை அதே மையம் சோதித்தது. 1964இல் முடிவை வெளியிட்டது. பின்னாளில் ‘டாட்ஸ்’ என்று உலகம் முழுக்கப் பரவிய திட்டத்தின் வேர் அங்கேதான். இந்தியா 1997இல் வாரம் மூன்று நாள் முறையை ஏற்றது.

இதற்கிடையில் எச்ஐவி வந்துவிட்டிருந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, திரட்டிய ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலேறி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். நாட்டில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் உறங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி எழுந்துகொள்கிறது. எச்ஐவி உள்ளவர்களின் சாவுக்குப் பெரிய காரணம் காசநோய்தான். அவர்களுக்கு வாரம் மூன்று நாள் மாத்திரை போதவில்லை. ஆய்வு மையத்தின் வழிவந்த தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஒப்பீட்டின் முடிவு 2018இல் வெளியானது: தினமும் சாப்பிட்டவர்களில் 91 சதவீதம் பேர் நலமடைந்தார்கள், வாரம் மூன்று நாள்காரர்களில் 77 சதவீதம். அந்த முடிவு வெளியாகும் முன்பே, 2017இல், எல்லா நோயாளிகளுக்கும் மாத்திரை தினசரி ஆனது. எச்ஐவிக்கான டோலுடெக்ராவிர் மருந்தை ரிஃபாம்பிசின் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். அதனால் இரண்டு நோயும் உள்ளவர்கள் டோலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை சாப்பிட வேண்டும்.

இனி, எச்ஐவிபோலவே தூசியும் காசநோய்க்கு வழிவிடும் விருத்தாசலம். நெய்வேலிச் சுரங்கத்துக் களிமண், அரசு செராமிக் கல்வி நிறுவனம், தொழிற்பேட்டைச் சூளைகள், பீங்கான் பொம்மைகள், மின் சாதனப் பீங்கான்கள் என்று ஊர் பெயர் வாங்கியிருக்கிறது. பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேரும். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொருளின் பிசிறைச் சுரண்டும்போது எழுகிற வெள்ளைத் தூசி இமை மயிரிலும் படியும். கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமான சிலிக்காதான் நுரையீரலின் அடிவரை போகும். கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய செல்களையே அது கொன்றுவிடுகிறது. இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து பல மடங்கு. எச்ஐவியும் சேர்ந்தால் ஆபத்து பெருகுகிறது என்பதைத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் பட்டுக் காட்டினார்கள்.

மாத்திரையும் இங்கே தடுமாறுகிறது. ஹாங்காங் மார்புநோய்ச் சேவையும் நம் சென்னை மையமும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து சிலிகோசிஸோடு காசநோய் வந்தவர்களை ஆராய்ந்து 1991இல் வெளியிட்டன. ஆறு மாத மருந்துக்குப் பின் மூன்று வருடங்களில் 22 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது; எட்டு மாதம் சாப்பிட்டவர்களில் 7 சதவீதம் பேருக்கு மட்டும். ஆகவே “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று டாக்டர் கேட்பது எச்ஐவி பரிசோதனைக்குச் சமமான பரிசோதனை. இருமல் இல்லாவிட்டாலும் தூசியில் உழைப்பவருக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சிலிகோசிஸ் உறுதியானால், காசநோய் இல்லையென்று பார்த்துவிட்டு, எச்ஐவி உள்ளவருக்குத் தருவதுபோலத் தடுப்பு மாத்திரை தரலாம். பட்டறையில் உலர்ந்த தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது அன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை.

எக்ஸ்ரேயில் சிலிகோசிஸ், காசநோய் இரண்டுமே நுரையீரலின் மேல்பகுதியில்தான் பெரும்பாலும் தெரியும். சீட்டில் காசநோய் என்று மட்டும் எழுதினால் மாத்திரை இலவசமாகக் கிடைத்துவிடும், முதலாளிக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடும். சிலிகோசிஸும் என்று எழுதினால் அது தொழில்நோய். சிலிகோசிஸை அடிப்படையாகக் கொண்ட காசநோயையும் இழப்பீட்டுக்கான சட்டப் பட்டியல் ஏற்றுக்கொள்கிறது. விருத்தாசலத் தொழிலாளி மாத்திரை அட்டையோடு கேட்டு வாங்க வேண்டியது, அந்த இன்னொரு பெயரும் எழுதப்பட்ட சீட்டு.