மெழுகிய தரையும் சாணிப்பாலும்

வீட்டுத் தரையைச் சுத்தம் செய்வது சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் யார் கை சுத்தம் செய்கிறது என்று கேட்டால், அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

சிமெண்ட் பரவுவதற்கு முன் ஊர்ப்புறங்களில் பெரும்பாலும் மண் தரைதான். சாணியைக் கரைத்து மெழுகினால் புழுதி அடங்கும், வெடிப்பு மூடும். அது வெறும் பராமரிப்பு. அதன்மேல் 'புனிதம்' என்பதையும் ஏற்றினார்கள்; தீட்டுக் கழிக்கவும் சாணி தெளித்தார்கள்.

கீழத்தஞ்சையில் அந்தச் சாணியை அள்ளியது யார்? பண்ணையாட்களாக இருந்த நம் மக்கள். அவர்கள் அள்ளிய சாணி கூடம்வரை போகலாம். அவர்கள் காலடி போகக்கூடாது. வேலைக்குப் பிந்தினாலோ எதிர்த்துப் பேசினாலோ சவுக்கடி விழும். அதே சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அதற்குச் சாணிப்பால் என்று பெயர். தரைக்குப் புனிதமான பொருள் நமக்குத் தண்டனையானது. 1940-களில் பி. சீனிவாச ராவ் முன்னின்று கட்டிய விவசாயிகள் சங்கம் போராடித்தான் இந்தக் கொடுமைகளை நிறுத்தியது. அந்தச் சங்கத்தின் பலம் சேரிகளில் இருந்தது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

பிறகு தரை மாறியது. சிவப்புக் காவித் தரை, மொசைக், டைல்ஸ், கிரானைட் என்று வந்தன. சாணி போய் பினாயிலும் ஆசிட்டும் வந்தன. நகரத்தில் நம் பெண்கள் கூடத்துக்குள் நுழைந்தார்கள், துடைப்பதற்காக. தனி டம்ளரும், பூஜையறைக்குத் தடையும் பல வீடுகளில் இன்றும் தொடர்கின்றன. கையுறை கொடுப்பவர்கள் குறைவு. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் அதைவிடக் குறைவு.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-இல் வந்தது. வீட்டுவேலையாட்களின் உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது; ஆனால் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

தோழர்களே, நம் பகுதியில் வீட்டுவேலைக்குப் போகும் அக்காக்களை வாரியத்தில் பதிவு செய்ய உதவுவோம். நம் வீட்டுத் தரையை, ஆண்கள் உட்பட, நாமே துடைப்போம். தரை பளபளப்பதில் நமக்கு வருத்தமில்லை. அதைத் துடைப்பவர் அதே வீட்டு நாற்காலியில் உட்கார முடிகிறதா என்பதுதான் நம் கேள்வி.