கடலடித் தந்தியும் கணக்கும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மின்சாரம் பெரும்பாலும் கைப்பழக்கத்தால் கற்கும் தொழிலாகவே இருந்தது. 1831இல் மின்தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே, புத்தகம் கட்டும் பட்டறையில் தொழில் பழகியவர், உயர்கணிதம் அறியாதவர். காந்தத்தைச் சுற்றிப் பரவும் விசைக்கோடுகளை மனக்கண்ணில் கண்டே அவ்வளவு தூரம் போனார்.

தரையில் ஓடிய தந்திக் கம்பிகளுக்குக் கைப்பழக்கம் போதுமாயிருந்தது. கடலடி வடத்தில் அது கைவிட்டது. ஒரு முனையில் அனுப்பிய குறி மறுமுனையில் மழுங்கி, இழுபட்டு வந்தது. 1854இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) இதற்குக் கணக்குப் போட்டார். வெப்பம் பரவுவதைப் பற்றி ஃபூரியே எழுதிய சமன்பாட்டைப் பதின்பருவத்திலேயே படித்திருந்த அவர், வடத்தில் மின்சாரமும் அதே விதிப்படி பரவுவதைக் கண்டார். தாமதம் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஒரே வகை வடத்தின் நீளம் 10 மடங்கானால் தாமதம் 100 மடங்காகும். ஆகவே செம்பும் உறையும் தடிமனாக இருக்க வேண்டும். நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டும் கருவி வேண்டும்.

அட்லாண்டிக் தந்திக் கம்பெனியின் மின்வல்லுநர் வைல்ட்மன் வைட்ஹவுஸ், மருத்துவராக இருந்தவர். தம் சோதனைகளை நம்பிய அவர் அந்த விதியை ஏற்கவில்லை. 1858 ஆகஸ்டில் அக்கம்பெனியின் அட்லாண்டிக் கடலடி வடம் இணைந்தது. விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச்சேர சுமார் 16 மணி நேரம் ஆயிற்று. வைட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். சில வாரங்களில் வடம் ஊமையானது. வடத்தின் தயாரிப்பிலேயே குறை இருந்ததால் பழி முழுவதையும் அவர்மேல் போடுவது நியாயமல்ல. 1866இல் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பல் இறக்கிய தடித்த வடம் நிலைத்தது.

கணக்கு வென்றது என்பதை வைத்துத் தேர்வு மதிப்பெண்ணே பொறியியல் திறமை என்று முடிவுகட்ட முடியாது. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1845இல் தாம்சனும், 1854இல் ஃபாரடேயின் கோடுகளைச் சமன்பாடுகளாக்கப்போகும் மேக்ஸ்வெல்லும் இரண்டாம் இடமே பெற்றார்கள். 1845இல் முதலிடம் பெற்ற பார்க்கின்சனை இன்று அறிந்தவர் குறைவு.

ஆலிவர் ஹெவிசைடு கல்லூரி வாசலையே மிதிக்காதவர். 16 வயதில் பள்ளியை விட்டவர், தந்தி ஊழியர். மேக்ஸ்வெல்லின் 1873ஆம் ஆண்டு நூலைப் படிப்பதற்காகவே கணிதத்தைத் தாமே கற்றார். மேக்ஸ்வெல் 20 சமன்பாடுகளில் சொன்னதை 1880களில் நான்காகச் சுருக்கினார். கம்பியில் மின்தூண்டத்தைக் கூட்டினால் தொலைபேசிக் குரல் சிதையாமல் நெடுந்தூரம் செல்லும் என்று 1887இல் ஒரு கட்டுரையில் கணக்கால் காட்டினார். பிரிட்டிஷ் தபால் துறையின் மூத்த பொறியாளர் வில்லியம் பிரீஸ், அனுபவத்தை நம்பிக் கணிதத்தை ஏளனம் செய்தவர். மின்தூண்டம் குரலைக் கெடுக்கும் என்று சொல்லி அந்தக் கட்டுரையைத் தடுத்தார். அமெரிக்காவில் கம்பிவழியில் இடையிடையே சுருள்களைப் பொருத்தி மின்தூண்டத்தைக் கூட்டும் முறைக்கு மைக்கேல் புபின் 1900இல் காப்புரிமை பெற்றார். பெருந்தொகை அவருக்குப் போயிற்று. ஹெவிசைடுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.