கால்ல கண்ணாடி குத்துனா லண்டன்ல காசு கேப்பாங்களா?

ஃபாரின் டூர் போறவங்க, பிள்ளைங்களைப் பார்க்க அப்பா அம்மாவை அனுப்புறவங்க இதைப் படிச்சு வச்சுக்கோங்க. கொஞ்சம் நீளமான த்ரெட்.

போன மாசம் கேஷுவால்ட்டி டியூட்டியில ஒரு இங்கிலாந்துக்காரர் வந்தார். கடற்கரையில நடந்தப்போ உள்ளங்கால்ல கண்ணாடி குத்தியிருக்கு. எக்ஸ்ரே பார்த்து, காயத்தைக் கழுவி, நாலு தையல், ஒரு டிடி ஊசி. எங்கே பணம் கட்டணும்னு மூணு தடவை கேட்டார். கட்ட வேண்டாம்னதும், "எங்க ஊர்லயும் இப்படித்தான், ஆனா வெளியூர்ல எதிர்பார்க்கல"ன்னார்.

அவர் சொன்னது உண்மை. அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய சண்டையே இருக்கு.

1948 ஜூலை 5. பிரிட்டன்ல என்.ஹெச்.எஸ். தொடங்குது. வர்றவர் உள்ளூரா வெளியூரான்னு யாரும் கேட்கல. உடனே பத்திரிகைகளும் எதிர்க்கட்சியும் பிடிச்சுக்கிட்டாங்க. வெளிநாட்டுக்காரன் கப்பல்ல வந்து ஓசியில மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும் வாங்கிட்டுப் போறான், வரிப்பணம் வீணாகுதுன்னு ஒரே கூச்சல்.

அப்போ சுகாதார அமைச்சர் அனைரின் பெவன், சுரங்கத் தொழிலாளியா இருந்து வந்தவர். அவர் தரப்பு வாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெளிநாட்டுக்காரரை மட்டும் தனியா எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அதுக்கு ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒவ்வொருத்தரும் 'நான் உள்ளூர்தான்'னு நிரூபிக்கணும். பத்துப் பேரைத் தடுக்க ஊரையே வரிசையில நிறுத்தணும். ஓபி சீட்டு கவுன்ட்டர்ல ஒருநாள் உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். ரத்தம் ஒழுக நிக்கிறவர்கிட்ட அடையாள அட்டை கேட்கிற வேலை யாருக்குமே பிடிக்காது.

ஆனாலும் அழுத்தம் தாங்காம, 1949-ல வெளிநாட்டவர்கிட்ட கட்டணம் வாங்கலாம்னு சட்டத்துல ஒரு பிரிவு சேர்த்தாங்க. சேர்த்ததோட சரி! 33 வருஷம் யாரும் அதைத் தொடல. 1982-ல, தாட்சர் ஆட்சியிலதான் விதிமுறை வந்துச்சு. ஆசிய, கறுப்பின மக்களோட அமைப்புகள் கடுமையா எதிர்த்தாங்க. அங்கேயே வாழ்ற நம்மாளுங்ககிட்டதான் முதல்ல பாஸ்போர்ட்டைக் கேப்பாங்கன்னு அவங்க பயந்தாங்க. நியாயமான பயம்தான்.

அந்த 1982 விதியிலயும் ஒரு கதவைத் திறந்தே விட்டாங்க: அவசர சிகிச்சைப் பிரிவு. இன்னைக்கும் இங்கிலாந்துல ஏ அண்ட் ஈ-ல யார் போனாலும் சிகிச்சைக்குக் காசு கிடையாது. தையல், கட்டு, எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு எல்லாமே. ஆனா "அட்மிஷன்"னு சொன்ன நிமிஷத்துல மீட்டர் ஓடத் தொடங்கும். 2015-லேர்ந்து நம்மள மாதிரி டூரிஸ்ட்டுக்கு வழக்கமான கட்டணத்துல 150 சதவீதம். 500 பவுண்டுக்கு மேல பாக்கி வச்சா அடுத்த விசாவுக்குச் சிக்கல் வரலாம்.

ஐரோப்பாவுல கதை வேற. அவங்க நாடுகளுக்குள்ள ஒருத்தர் காயத்தை இன்னொருத்தர் பார்த்துக்கறதுக்கு இ111-ன்னு ஒரு காகிதம் இருந்தது. 2004-ல அதை ஒரு பிளாஸ்டிக் கார்டா மாத்துனாங்க. அதே 2004-லதான் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயமாச்சு. அவங்களுக்கு கார்டு, நமக்கு பாலிசி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கும்.

அமெரிக்காவுல 1986 சட்டப்படி எமர்ஜென்சியில உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பார்த்துட்டுதான் அனுப்புவாங்க. பில் வீட்டுக்கு வரும், அவ்ளோதான்.

அதனால இங்கிலாந்துல ஏ அண்ட் ஈ இலவசம்தானேன்னு இன்ஷூரன்ஸ் எடுக்காமப் போயிடாதீங்க. வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சா சமாளிச்சுடலாம். இடுப்பெலும்பு உடைஞ்சா முடியாது. கடைசியா டிடி ஊசி போட்ட தேதியை போன்ல குறிச்சு வச்சுக்கோங்க, அங்கே கேப்பாங்க. பில், டிஸ்சார்ஜ் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க.

அங்கே ரிசப்ஷன்ல "இங்கே எவ்வளவு நாளா வசிக்கிறீங்க?"ன்னு ஒரு கேள்வி வரலாம். பயந்து எழுந்து வந்துடாதீங்க. அது அந்த 1982 கேள்விதான். டூரிஸ்ட்னு உண்மையைச் சொல்லிட்டு உட்காருங்க, காயத்தைப் பார்ப்பாங்க.