ஃபாக்ஸ்ப்ரோவும் பழனியம்மாளும்

தொண்ணூறுகளில் விருதுநகர், சிவகாசி பக்கம் கம்ப்யூட்டர் வாங்கிய பல ஆபீஸ்களில் முதலில் ஓடியது ஃபாக்ஸ்ப்ரோதான். பருப்பு மண்டிக் கணக்கு, காலண்டர் ஆர்டர், பட்டாசு ஆலையின் வாரச் சம்பளம் எல்லாம் .டிபிஎஃப் ஃபைலில் இருந்தன. நானும் அந்த மொழியில்தான் சம்பாதிக்க ஆரம்பித்தேன்.

இதன் வம்சம் சுவாரசியமானது. வேய்ன் ராட்லிஃப் எழுதிய வல்கன் என்ற புரோகிராமை 1980ல் ஆஷ்டன்-டேட் கம்பெனி டிபேஸ் 2 என்று விற்றது. அதே மொழியை இன்னும் வேகமாக ஓடவைத்தது ஒஹையோவில் டேவ் ஃபுல்டன் நடத்திய ஃபாக்ஸ் சாஃப்ட்வேர். 1991ல் வந்த ஃபாக்ஸ்ப்ரோ 2.0ன் ரஷ்மோர் நுட்பம், சாதாரண பிசியிலேயே லட்சக்கணக்கான ரெக்கார்டில் சட்டுனு தேடித் தந்தது. 1992ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது.

2004 டிசம்பரில் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9 வந்தது. புது வசதிகளில் எது முக்கியம் என்று டெவலப்பர்கள் நடுவே பெரிய விவாதம். எஸ்க்யூஎல்லில் ஜாயின், சப்-கொயரிக்கு இருந்த வரம்பு போனதே பெரிய விஷயம் என்றார்கள் சிலர். வார்கேர், பிளாப் டேட்டா டைப்கள்தான் என்றார்கள் வேறு சிலர். எனக்குப் பட்டது ரிப்போர்ட். அதுவரை ஒரு ரிப்போர்ட்டில் ஒரே டீடெய்ல் பேண்ட்தான். ஒரு தொழிலாளி செய்த உருப்படிகள் ஒரு டேபிளில், வாங்கிய அட்வான்ஸ் இன்னொன்றில் இருக்கும். ரெண்டையும் ஒரே சம்பளச் சீட்டில் கொண்டுவர தற்காலிக டேபிள் கட்டி மல்லுக்கட்ட வேண்டும். 9ல் பல பேண்ட் வந்தது, அந்த வேலை மிச்சம்.

ஆனால் நம்ம ஊருக்கு ரொம்பத் தேவைப்பட்ட ஒன்று கடைசிவரை வரவில்லை: யூனிகோட். ஃபாக்ஸ்ப்ரோவின் திரையும் டேபிளும் விண்டோஸின் பழைய கோட் பேஜ்களை நம்பியவை. ஜப்பானியம், சீனம், தாய் மொழிகளுக்குக் கோட் பேஜ் இருந்தது. தமிழுக்கு இல்லை. 2000ல் விண்டோஸ் தமிழைச் சேர்த்தபோது நேராக யூனிகோடில்தான் சேர்த்தது. ஆக, ஃபாக்ஸ்ப்ரோவில் தமிழ் வேண்டுமென்றால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒளித்துவைத்த எழுத்துருதான் வழி. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999ல் தமிழக அரசு தரம் அறிவித்தும் பழையவை தொடர்ந்தன. அகர வரிசை வராது; எழுத்துரு மாறினால் பெயர் குப்பையாகும். எதுக்கு வம்பு என்று பெயர்களை ஆங்கிலத்திலேயே அடித்தோம்.

அங்கேதான் சிக்கல். பழனியம்மாளை ஒரு கிளார்க் 'எல்' போட்டு அடிப்பார், இன்னொருவர் 'இசட்எச்' போட்டு அடிப்பார். ஒலியை வைத்துப் பெயர் தேட ஃபாக்ஸ்ப்ரோவில் சவுண்டெக்ஸ் என்ற ஃபங்ஷன் உண்டு. அது 1918ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை, ஆங்கில உச்சரிப்புக்குக் கட்டியது. 'எல்'லுக்கு அதில் 4, 'இசட்'டுக்கு 2. ஒரு பழனியம்மாள் பி455, இன்னொருத்தி பி255. நம்ம ழகரம் அதுக்குத் தெரியாது. ஒரே ஆளை ரெண்டு ஆளாக்கிவிடும். குருசாமியை 'ஜி'யிலும் 'கே'யிலும் எழுதினாலும் இதே கதிதான்.

இது வெறும் புரோகிராமர் பிரச்சினை இல்லை. பிஎஃப் பணம் எடுக்கப் போனால் கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். இருபது வருஷம் முன்னால் யாரோ அடித்த ஒரு எழுத்துக்காக, வேலையை விட்டு நின்ற ஒரு அம்மா திருத்தல் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

2007 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், பதிப்பு 10 கிடையாது என்று அறிவித்தது. ஸ்பானிய மொழி டெவலப்பர்கள் 'மாஸ்ஃபாக்ஸ்ப்ரோ' என்று கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள், பலிக்கவில்லை. 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது.

பழைய .டிபிஎஃப் ஃபைல்கள் மட்டும் இன்னும் புது சாஃப்ட்வேருக்கு மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த வேலை கையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆங்கிலப் பெயரை அப்படியே இழுத்துப் போடாதீங்க. தமிழில் ஒரு காலம் சேருங்க. அதில் என்ன எழுதுவது என்று அந்தத் தொழிலாளியிடமே கேட்டு நிரப்புங்க.