பட்டமில்லாதவருக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம்

விழுப்புரம் பகுதியிலுள்ள எண்ணாயிரம் என்னும் சிற்றூரில் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று உண்டு. அவ்வூரில் வேதமும் சாஸ்திரமும் பயின்ற 340 மாணாக்கருக்கும், அவர்களுக்குக் கற்பித்த 14 ஆசிரியர்களுக்கும், 45 வேலி நிலத்தின் விளைவிலிருந்து அன்றாடம் அளக்கவேண்டிய நெல் இவ்வளவு என்று அது துல்லியமாக வரையறுக்கிறது. இளைய மாணாக்கர் 270 பேருக்குத் தலைக்கு 6 நாழி. வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் ஆகிய மேற்படிப்பில் இருந்த 70 பேருக்குத் தலைக்கு 1 குறுணி 2 நாழி. திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்தில் நடந்த கல்லூரியிலோ, விடுதி மாணாக்கர் சனிக்கிழமைதோறும் தலைமுழுகுவதற்கு வேண்டிய எண்ணெயும், இரவில் ஏற்றும் விளக்குக்கு வேண்டிய எண்ணெயும்கூட நிவந்தக் கணக்கில் இடம்பெற்றிருந்தன. படிக்க வருகிற பிள்ளைக்குப் பசியும் உண்டு, உடம்பும் உண்டு, இருட்டிய பின் வெளிச்சமும் வேண்டும் என்று உணர்ந்து செய்த தர்மம் அது. ஆனால் வேதம் ஓதும் உரிமை எந்தக் குலத்தாருக்கு இருந்ததோ அந்தக் குலத்தாருக்கே அந்த நெல்லும் எண்ணெயும் உரியனவாயின. அந்த நிலத்தை உழுதவனுடைய மகன் அக்கல்லூரியின் வாசற்படி ஏறியிருக்க முடியாது. உதவி தாராளம், யோக்கியதையின் வரம்போ மிகக் குறுகலானது என்ற இந்த நிலை நம் நாட்டுக் கல்விச் சரித்திரத்தில் வெகுகாலம் நீடித்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கல்விமுறை மாறியபோது, சோறிட்டுக் கற்பித்த வழக்கம் நலிந்து, சம்பளம் கட்டிப் படிக்கும் வழக்கம் வேரூன்றியது. கட்ட முடியாதவருக்கென்று அரைச் சம்பளச் சலுகையும், உபகாரச் சம்பளமும், செல்வந்தர் பெயரால் அமைந்த பரிசுகளும் தோன்றின. அவற்றைப் பெறுவதற்குரிய தகுதியைப் பரீக்ஷை தீர்மானித்தது. பிறப்பைக் காட்டிலும் பரீக்ஷை நியாயமான அளவுகோல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த அளவுகோலுக்கும் ஒரு குருட்டுத்தன்மை உண்டென்பதைக் கும்பகோணத்துப் பிள்ளை ஒருவரின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

ஸ்ரீநிவாஸ ராமானுஜனின் தந்தை ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர்; மாதம் சுமார் 20 ரூபாய் வருவாய். 1897ஆம் ஆண்டு நடந்த ஆரம்பப் பள்ளிப் பரீக்ஷையில் ராமானுஜன் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறியதால், டவுன் ஹைஸ்கூலில் அவருக்கு அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. 1903இல் மெட்ரிகுலேஷன் தேறி, மறு ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில், பட்டப் படிப்புக்கு முந்திய எஃப். ஏ. வகுப்பில் சேர்ந்தபோது, கணிதத்திலும் ஆங்கிலக் கட்டுரையிலும் வல்லவருக்கு வழங்கப்பட்ட சுப்பிரமணியம் உபகாரச் சம்பளம் அவருக்கே கிடைத்தது. அந்தக் கல்லூரி தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று பெயரெடுத்தது. அதுவரை விதிகள் யாவும் அந்தப் பிள்ளைக்கு அநுகூலமாகவே இருந்தன.

பிறகு கணிதப் பித்து அவரை முழுதுமாக ஆட்கொண்டது. வகுப்பில் ஆசிரியர் எதைச் சொன்னாலும் அவர் நோட்டுப் புத்தகத்தில் வேறு ஏதோ ஒரு தொடரின் கூட்டுத்தொகையைத் தேடிக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரையில் தவறினார், மேல்வகுப்புக்கு உயர்த்தப்படவில்லை, உபகாரச் சம்பளமும் நின்றது. ஒரு தவணைக்கு 32 ரூபாய் கட்டவேண்டிய கல்லூரியில், 20 ரூபாய் வருவாயுள்ள வீட்டிலிருந்து அதை எப்படிக் கட்டுவது? தாயார் கோமளத்தம்மாள் நேரே பிரின்ஸிபாலிடம் சென்று, கணிதத்தில் இணையற்ற தம் மகனுக்கு உபகாரச் சம்பளத்தை எப்படி நிறுத்தலாம் என்று வாதாடினார். அவரோ மரியாதையாகப் பேசி, விதி விதிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பிரின்ஸிபாலைக் கொடியவர் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். கணிதம், ஆங்கிலம் இரண்டிலும் தேர்ச்சி வேண்டுமென்று எழுதிவைத்த நிதியை, இரண்டில் ஒன்றில் தவறியவருக்குக் கொடுத்தால், அடுத்து நிற்கும் மாணாக்கனுக்கு அவர் என்ன பதில் சொல்வார்? எனினும் அந்த முடிவின் விளைவு சிறியதன்று. 1905 ஆகஸ்டில் ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அவருடைய படிப்பு அதன்பின் ஒருபோதும் நேர்வழிக்குத் திரும்பவில்லை.

சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். எஃப். ஏ. பரீக்ஷையில் ஆங்கிலம், ஸம்ஸ்கிருதம், உடற்கூறு, கிரேக்க ரோமானிய சரித்திரம் எல்லாவற்றிலும் தேறினால்தான் தேர்ச்சி. கணிதத்தில் மட்டும் சிறந்து பயனில்லை. இரு முறை எழுதியும் தவறினார். பிறகு அவர் நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆதரவு தேடி அலைந்த வருஷங்கள் வந்தன. திருக்கோயிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரையும், நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமசந்திர ராவையும் போய்க் கண்டார். ராமசந்திர ராவ் அவருக்கு உபகாரச் சம்பளம் வாங்கித்தர முயன்று, இயலாமற்போகவே, தம் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். ஒருவருடைய தயவில் நெடுநாள் இருக்க மனமின்றி, 1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார் ராமானுஜன்.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. அடுத்த மாதம் எழுதிய இரண்டாம் கடிதத்தைப் பலர் கவனிப்பதில்லை. தம் கணிதத்தைப் பற்றி ஹார்டி நல்ல வார்த்தை எழுதினால், அதைக் காட்டிச் சர்வகலாசாலையிடமோ அரசாங்கத்திடமோ உபகாரச் சம்பளம் பெறலாமென்றும், மூளையைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் தமக்கு ஆகாரம் வேண்டியிருக்கிறதென்றும் அதில் அவர் வெளிப்படையாகக் கூறியிருந்தார். 25 வயது இளைஞர், உலகத்தின் முதல்தரக் கணித மேதைகளில் ஒருவரிடம், தம்மைச் சாப்பாட்டுக்கு அல்லாடுபவராகக் காட்டிக்கொள்ள நேர்ந்தது. அறிஞன் அயல்நாட்டானிடம் இப்படி எழுதும்படி விட்ட நாட்டுக்கு அதில் பெருமை ஏதுமில்லை.

அதே பிப்ரவரியில், வானிலை ஆராய்ச்சித் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர் அவர். டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் குமாஸ்தாவின் காகிதங்களை அவரிடம் காட்டினார். மறுநாளே வாக்கர் சர்வகலாசாலை ரிஜிஸ்திரார் டியூஸ்பரிக்கு எழுதினார்: ஜீவனக் கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே காலங்கழிக்க இவருக்கு வசதி செய்வது தகும் என்பது அதன் சாரம். மார்ச்சு 19ஆம் தேதி கூடிய கணிதப் பாடக் குழு, மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளிக்கலாமென்று சிபார்சு செய்தது.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இதற்கடுத்த காட்சி. ஏப்ரலில் சிபார்சு சர்வகலாசாலையின் ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டின் முன் வந்தபோது, ஆட்சேபணை எழுந்தது. எம். ஏ. பட்டம் பெற்றவருக்கே ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் என்பது விதி, இவரோ எஃப். ஏ. கூடத் தேறாதவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் தாயாரிடம் சொல்லப்பட்ட அதே வாக்கியம் சென்னையிலும் சொல்லப்படத்தான் இருந்தது. அப்போது உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர் விதியை மறுக்கவில்லை. விதிக்கும் மேலே இருந்ததைச் சுட்டிக்காட்டினார். சர்வகலாசாலையைத் தோற்றுவித்த சட்டத்தின் முகவுரை, ஆராய்ச்சியை வளர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று என்று சொல்லவில்லையா? படிப்பில் எத்தனை குறை இருந்தபோதிலும், இவர் ஆராய்ச்சியாளர் என்பது நிரூபணமாகவில்லையா? நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் செய்த விதி, நோக்கத்துக்கே குறுக்கே நிற்பதென்றால், வளையவேண்டியது எது? சட்டத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர், விதியைத் தள்ளாமல், அதன் வேரைத் தொட்டு வழி கண்டார். சிண்டிகேட் இணங்கியது.

மே முதல் தேதி சம்பளம் தொடங்கியது. துறைமுக டிரஸ்டு ஊதியமில்லாமல் விடுமுறை தந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி அறிக்கை சமர்ப்பிக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஆகஸ்டிலும் நவம்பரிலும் மறு ஆண்டு மார்ச்சிலுமாக மூன்று அறிக்கைகள் கொடுத்தார். இன்று உலகெங்கும் கணித மாணாக்கர் ராமானுஜனின் தலையாய தேற்றமென்று பயில்வது அந்த அறிக்கைகளில்தான் இருக்கிறது. உபகாரச் சம்பளம் பெற்றவர்கள் தாக்கல் செய்த காகிதங்களில் இதைவிட மதிப்புள்ளவை எவையேனும் இருக்குமா என்பது சந்தேகமே.

பின்னர் நடந்தவை விரைவாக நடந்தன. 1914 ஜனவரியில் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில், ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பவேண்டியதன் அவசியத்தை ரிஜிஸ்திராருக்கு எழுதினார். ஸ்பிரிங் கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் காரியதரிசிக்கு எழுதினார். அரசாங்கத்தின் சம்மதத்தோடு சர்வகலாசாலை 10,000 ரூபாய் வரை ஒதுக்க, ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உபகாரச் சம்பளமும், பிரயாணச் செலவும், உடைச் செலவும் தீர்மானமாயின. அதில் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்துக்கென்று பிரிக்கப்பட்டது. மார்ச்சு 17ஆம் தேதி கப்பல் புறப்பட்டது. கேம்பிரிட்ஜும் பட்டமில்லாத குறையைப் பொருட்படுத்தாமல் சேர்த்துக்கொண்டு, 1916இல் ஆராய்ச்சிக்காகவே பி. ஏ. பட்டம் அளித்தது.

1918 முடிவில், சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளிக்கத் தீர்மானித்தது. நோயாளியாக இங்கிலாந்தில் கிடந்த ராமானுஜன் 1919 ஜனவரி 11ஆம் தேதி டியூஸ்பரிக்கு எழுதிய பதில், கொடை பெற்றவர் எழுதிய கடிதங்களில் தனியிடம் பெறத்தக்கது. இத்தொகை தம் தேவைக்கு மிஞ்சியது என்றும், தம் அவசியச் செலவும் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுனும் போக எஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளில் புத்தகங்கள் வாங்கவும் செலவிடவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். ஒரு தவணைச் சம்பளம் கட்ட வழியில்லாமல் படிப்பை இழந்தவர், கை நிறைந்தபோது முதலில் நினைத்தது பள்ளிச் சம்பளத்தைத்தான். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி அவர் காலமானார்.

விதியை வளைத்து ராமானுஜனுக்கு வழிவிட்டதை நாம் கொண்டாடுகிறோம்; கொண்டாடவும் வேண்டும். எனினும் அந்த வழி திறப்பதற்கு ஒரு கலெக்டரும், ஒரு டிரஸ்டுத் தலைவரும், ஒரு வானிலைத் துறைத் தலைவரும், ஒரு ஹைக்கோர்ட்டு நீதிபதியும், கடைசியில் ஒரு கவர்னரும் வேண்டியிருந்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது. அப்படிப்பட்டவர் வீட்டு வாசலை அணுகவே முடியாத குலத்திற் பிறந்த பிள்ளைக்கு எந்த சிண்டிகேட் முகவுரையைப் புரட்டிப் பார்த்திருக்கும்?

அதே 1913ஆம் ஆண்டு ஜூனில், பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாடின் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்கா செல்வதற்கு, அத்தகைய குலத்திற் பிறந்த பீமராவ் அம்பேத்கர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. திரும்பி வந்தபின் பத்து ஆண்டுகள் சமஸ்தானத்தில் வேலை செய்யவேண்டும். ஒரு மன்னரின் நல்ல மனத்தைச் சார்ந்திருந்த உதவிதான் அதுவும். அந்த நிபந்தனைப்படி அவர் பரோடாவுக்குப் போனபோது, கல்வி எத்தனை உயர்ந்திருந்தும் தங்க ஓர் இடம் கிடைக்காமல் அவமானப்பட்டுத் திரும்பினார். தனி மனிதரின் தயவால் ஓரிருவர் மேலேறலாம். ஒரு சமூகம் ஏற முடியாது என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டவர். ஆதலால் 1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் இருந்தபோது, தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் உயர்கல்விக்கு நிதி ஒதுக்கவேண்டுமென்று லின்லித்கோ பிரபுவுக்கு விண்ணப்பம் எழுதினார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்குரிய உபகாரச் சம்பளத் திட்டம் தொடங்கியது. சுதந்தரத்துக்குப் பின் அது பழங்குடியினருக்கும், பிற பிற்படுத்தப்பட்டோருக்கும் விரிந்தது. வகுப்பில் முதலாவதாக வரவேண்டும், பெரிய மனிதரின் சிபார்சு வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இல்லை. படிக்க இடம் கிடைத்து, கட்ட வழியில்லையென்றால் அதுவே யோக்கியதை. எண்ணாயிரத்துச் சாசனம் எவரை விலக்கியதோ அவருக்கு, கேட்டுப் பெறும் உரிமை எழுத்தில் வந்தது.

1913இன் தீர்மானத்தையும் 1944இன் திட்டத்தையும் சேர்த்துப் பார்க்கையில், பின்னதையே பெரிய காரியமென்று நான் மதிக்கிறேன். முன்னது ஒரு மேதையைக் காத்தது. பின்னது மேதை என்று எவரிடமும் நிரூபிக்க வாய்ப்பே இல்லாதிருந்த பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. ஆனால் விதி எவ்வளவு நல்லதாயினும், அதைக் கையில் வைத்திருப்பவர் சுந்தரம் ஐயரைப் போல அதன் நோக்கத்தைப் படிக்கத் தெரிந்தவராயிருந்தாலொழிய அது பயன்தருவதில்லை. வருமானச் சான்றிதழில் ஓரெழுத்து மாறியிருக்கிறதென்றும், விண்ணப்பக் கெடு நேற்றோடு முடிந்ததென்றும் சொல்லி இன்றும் எத்தனையோ பிள்ளைகளைக் கல்லூரி அலுவலகங்கள் திருப்பி அனுப்புகின்றன. அந்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். எதிரே நிற்கும் பிள்ளையிடம் இல்லை என்று சொல்லுமுன், அந்த நிதி யாருக்காக ஏற்பட்டது என்று எழுதியிருக்கும் முதல் பத்தியை ஒரு முறை படித்துப் பாருங்கள்; திருத்தக்கூடிய பிழையாயிருந்தால், அந்தப் பிள்ளையை உட்காரவைத்து அன்றைக்கே திருத்திக் கொடுங்கள்.